மக்காவில் கண் திறந்த மால்கம்



பழவேற்காட்டுக்கு உங்களிற் பலர் போயிருப்பீர்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து சென்றால், கடலுக்கும் கரைக்கும் இடையே பரந்து கிடக்கிறது அந்த உவர்நீர் ஏரி. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், தோணிரேவு, ஜமீலாபாத் என்று ஏரியைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள். நடுவே பழைய பள்ளிவாசல்கள். பனையோலையில் கூடையும் பெட்டியும் முடையும் நம் பெண்கள். அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன.

அந்த ஊரில் புதர் மண்டிக் கிடக்கும் ஒரு கோட்டை மேடும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டையின் எச்சம் அது. அவர்கள் இங்கிருந்து துணி ஏற்றினார்கள் என்பதை நாம் பள்ளிப் பாடத்தில் படித்தோம். மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பதைப் பாடநூல்கள் உரக்கச் சொல்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், ஒரு படி அரிசிக்கு வழியின்றித் தவித்த தமிழ்க் குடும்பங்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இன்றைய ஜாகர்த்தா நகரமே அன்றைய பத்தாவியா.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணிக்கு ஐரோப்பிய வணிகர்கள் இந்த ஊரின் பெயரையே சூட்டியிருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் உடுத்தும் கைலியின் உறவுக்காரத் துணி அது. இந்தியப் பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அப்படி வாங்கப்பட்டவர்களின் பெண் வழித்தோன்றல்கள், கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் நம் நாட்டுக் கட்டத்துணியையே தலையில் சுற்றிக்கொண்டு உழைத்தார்கள். நம் நெசவாளியின் கைவேலை, அவன் அறியாமலே, ஓர் ஆப்பிரிக்கனின் விலையாகிப் போயிற்று. கண்டீர்களா, உலகம் எவ்வளவு சிறியது!

அந்தக் கரிபியன் தீவுகளுள் ஒன்று கிரெனடா. அங்கே பிறந்த லூயிஸ் என்ற பெண்மணி பெற்ற பிள்ளையின் வரலாற்றையே இந்த வெள்ளிக்கிழமை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். உலகம் அவரை மால்கம் எக்ஸ் என்று அறியும். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரோடு அவர் தம் இறைவனிடம் திரும்பினார்.

எரிந்த வீடு

1925-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா என்னும் ஊரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் கிறிஸ்தவப் போதகர். ஆப்பிரிக்கர்கள் தலைநிமிர்ந்து தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று முழங்கிய ஜமைக்கா நாட்டு மார்கஸ் கார்வியின் இயக்கத்தில் தாயும் தந்தையும் பணியாற்றினார்கள்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் சட்டம் அறுத்த சங்கிலியை வழக்கம் மீண்டும் பூட்டிவிட்டது. கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளிக்கூடம், பேருந்தில் தனி இருக்கை, உணவு விடுதியில் இடமில்லை, தென் மாநிலங்களில் வாக்குரிமை பெயரளவில்தான். எதிர்த்துப் பேசியவரை மரத்தில் தூக்கிலிடும் கூட்டங்கள் இருந்தன. நம் நாட்டில் தனிக் கிணறும் தனிக் குவளையும் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகருக்குக் குடியேறிய அந்தக் குடும்பத்தின் வீடு 1929-இல் தீயில் எரிந்தது. 1931-இல் தந்தை டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். விபத்து என்றது அரசாங்க ஏடு. வெள்ளை வெறியரின் கொலை என்று குடும்பம் நம்பியது. மால்கத்துக்கு அப்போது வயது ஆறு. பசியோடும் அவமானத்தோடும் தனித்துப் போராடிய தாய் மனம் கலங்கினார். 1939-இல் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் வெளியே வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகப் பிரித்து வளர்க்கப்பட்டனர்.

பள்ளியில் மால்கம் முதல் வரிசை மாணவர். வக்கீலாக வேண்டும் என்ற ஆசையை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னார். கறுப்பினப் பையனுக்கு அது எட்டாக் கனி, தச்சு வேலை கற்றுக்கொள் என்று அந்த ஆசிரியர் அறிவுரை கூறினார். வெறுப்போடு சொன்னதன்று, நல்லது என்று எண்ணியே சொன்னது. அதனால்தான் அது ஆழமாகப் புண்படுத்தியது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

சிறை தந்த கல்வி

வாசகர்களே, இதன் பிறகு வந்த ஐந்தாண்டுகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. மால்கமே மறைக்கவில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கின் ஹார்லத்திலும் அவர் சூதாடினார், போதைப் பொருள் விற்றார், திருடினார். 1946-இல் வீடு புகுந்து திருடிய குற்றத்துக்காக எட்டு முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபது. சிறையில் இறைவனைப் பழித்துப் பேசுவதே அவர் வழக்கமாயிருந்தது.

அந்தச் சிறையிலேதான் திருப்பம் நேர்ந்தது. சக கைதி ஒருவரின் அறிவார்ந்த பேச்சு அவரைக் கவர்ந்தது. தமக்குச் சொல்வளம் இல்லை என்று உணர்ந்து, அகராதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கையால் எழுதிப் படித்தார். சிறை நூலகத்தில் வரலாறும் தத்துவமும் கற்றார். இரவில் விளக்கணைத்த பின்னும் தாழ்வாரத்து வெளிச்சத்தில் படித்துக் கண் கெட்டுக் கண்ணாடி அணிய நேர்ந்தது. பட்டம் எதுவும் பெறாத அந்த மனிதர், பிற்காலத்தில் ஹார்வர்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகங்களின் மேடைகளில் பேசினார் என்றால் அதற்கு வித்திட்டது அந்த மங்கிய விளக்கொளியே.

சிறையிலிருந்த அவருக்கு உடன்பிறந்தார் கடிதம் எழுதினார்கள். நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற இயக்கத்தில் தாங்கள் சேர்ந்துவிட்டதாகவும், எலைஜா முஹம்மத் என்பவர் அதன் தலைவர் என்றும் தெரிவித்தார்கள். மால்கமும் சேர்ந்தார். மதுவையும் பன்றி இறைச்சியையும் புகையையும் விட்டார். அடிமை முதலாளி தம் முன்னோருக்கு இட்ட லிட்டில் என்ற குடும்பப் பெயரைத் துறந்தார். தம் உண்மையான ஆப்பிரிக்கப் பெயர் தொலைந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை ஏற்றார். 1952 ஆகஸ்டில் விடுதலையானார்.

பெயரில் இருந்த இஸ்லாம்

இங்கே நாம் சற்று நின்று தெளிவு பெற வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இஸ்லாம் புதியதன்று. கப்பலில் அடைத்துக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கரில் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். வட கரோலினாவில் அடிமையாக வாழ்ந்த உமர் இப்னு ஸையித் என்ற செனகல் நாட்டு அறிஞர் 1831-இல் அரபு மொழியில் தம் வரலாற்றை எழுதி வைத்தார். ஆயினும் தாயும் பிள்ளையும் பிரித்து விற்கப்பட்ட மண்ணில் மார்க்கம் தலைமுறை தாண்டி நிலைக்க முடியவில்லை. நினைவு மட்டும் எங்கோ மங்கலாக எஞ்சி நின்றது.

1930-இல் டெட்ராய்ட் நகரில் தோன்றிய நேஷன் ஆஃப் இஸ்லாம் அந்த நினைவின் மீது வேறொரு கட்டடத்தை எழுப்பியது. அதை நிறுவிய பார்டு என்பவரை இறைவனின் வடிவம் என்றும், எலைஜா முஹம்மதை இறைத்தூதர் என்றும் அது போதித்தது. வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே சாத்தான்கள் என்றது. ஏகத்துவத்தையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு நபித்துவம் நிறைவுற்றது என்பதையும் ஈமானின் அடிப்படையாகக் கொண்ட நமக்கு இவை ஏற்கத்தக்கவையல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். குடியிலும் போதையிலும் வீழ்ந்து கிடந்த ஆயிரக்கணக்கானோரை அந்த இயக்கம் எழுப்பி நிறுத்தியது. ஒழுக்கமும் உழைப்பும் சுயமரியாதையும் கற்பித்தது. மால்கமின் நாவன்மையால் அது நாடெங்கும் பரவியது. 1954-இல் அவர் ஹார்லம் கிளையின் போதகரானார். 1957-இல் இயக்கத்தவர் ஒருவரைக் காவலர்கள் மண்டை உடையுமளவு அடித்து அடைத்து வைத்தபோது, காவல் நிலையத்தின் முன் பெருங்கூட்டம் திரண்டது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி உறுதியாகும் வரை மால்கம் அசையவில்லை. பிறகு ஒரு கைச்சைகை காட்டினார். கூட்டம் ஒரு சொல்லும் பேசாமல் கலைந்தது. அன்றிலிருந்து காவல் துறையும் அரசாங்கமும் அவரைக் கண்காணிப்பதைத் தீவிரமாக்கின. 1958-இல் பெட்டி என்ற செவிலியரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர்கள் ஆறு பெண் மக்கள்.

உலகம் விழித்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகின் நிறமே மாறிக்கொண்டிருந்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடின. வெள்ளை வல்லரசு எதுவும் அழைக்கப்படாத அந்த மாநாட்டை மால்கம் தம் சொற்பொழிவுகளில் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். 1957-இல் கானா விடுதலை பெற்றது.

அமெரிக்காவிலும் அலை எழுந்தது. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955-இல் மாண்ட்காமரி நகரில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார் ரோசா பார்க்ஸ் அம்மையார். அதிலிருந்து எழுந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங், காந்தியடிகளின் அகிம்சை வழியைக் கைக்கொண்டார். அவர் 1959-இல் இந்தியா வந்தபோது சென்னைக்கும் காந்திகிராமத்துக்கும் வந்து சென்றார் என்பது நமக்குப் பெருமை. அதற்கும் முன்பே, 1946-இல், டாக்டர் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். ஒடுக்கப்பட்டோர் கடல் கடந்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட காலம் அது.

கிங்கின் வழியை மால்கம் ஏற்கவில்லை. அடிக்கிறவனை அன்பு செய் என்று அடிபடுகிறவனுக்கு உபதேசிப்பது கொடுமை என்றே அவர் கருதினார். தற்காப்பு மனித உரிமை என்றார். 1963 ஆகஸ்ட் 28-இல் இரண்டரை இலட்சம் மக்கள் வாஷிங்டனில் திரண்டபோது அதை ஏளனம் செய்தார். கிங்கைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். வெள்ளையரில் நல்லவர் ஒருவரும் இல்லை என்று மேடைதோறும் முழங்கினார். ஒரு முறை வெள்ளையினக் கல்லூரி மாணவி ஒருவர் அவர் பேச்சைக் கேட்டு மனம் வருந்தி நெடுந்தூரம் பயணம் செய்து தேடி வந்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நீ செய்யக்கூடியது எதுவுமில்லை என்று மால்கம் முகத்திலடித்தாற்போல் கூறிவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே திரும்பினார். இதை நினைவில் வைத்திருங்கள்.

தலைவரோடு பிணக்கு

தாம் தந்தையினும் மேலாக மதித்த எலைஜா முஹம்மத், இயக்கத்தின் இளம் பெண் செயலாளர்கள் சிலருக்குப் பிள்ளைகள் பிறக்கக் காரணமானவர் என்பதை மால்கம் அறிய நேர்ந்தது. ஒழுக்கம் தவறியதற்காக அந்தப் பெண்களை இயக்கம் தண்டித்திருந்தது. தலைவரோ தலைவராகவே இருந்தார். மால்கம் நிலைகுலைந்தார். 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதை ஒட்டி அவர் கூறிய கடுமையான ஒரு கருத்தைக் காரணம் காட்டி இயக்கம் அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. 1964 மார்ச் மாதம் அவர் வெளியேறினார். வேலை, வீடு, நண்பர்கள் எல்லாம் அந்த இயக்கத்தோடு பிணைந்தவை. அனைத்தையும் இழக்கத் துணிந்தார். அவரால் இயக்கத்துக்குள் ஈர்க்கப்பட்ட குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியும் அவரைக் கைவிட்டார்.

கையில் பணமில்லை. மூத்த சகோதரி எல்லா, தாம் ஹஜ்ஜுக்குச் செல்லச் சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண்மணியின் தியாகத்தை என்னென்பது! 1964 ஏப்ரல் 13-இல் மால்கம் புறப்பட்டார்.

ஜித்தாவில் ஒரு பாடம்

கெய்ரோவில் இஹ்ராம் உடை அணிந்தார். பல நிற மனிதர்கள் ஒரே வெள்ளைத் துணியில். யார் அரசர், யார் ஏழை என்று தெரியவில்லை. ஜித்தா விமான நிலையத்தில் அவரை நிறுத்தி விட்டார்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த இவர் மெய்யான முஸ்லிம்தானா என்று ஹஜ் நீதிமன்றம் விசாரித்து அறிய வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் முஸ்லிம் போதகர் என்று உலகெங்கும் அறியப்பட்ட மனிதருக்கு முறைப்படித் தொழத் தெரியவில்லை! சிறு பிள்ளையைப் போல ஒருவர் கற்றுக் கொடுக்கக் கற்றார். நாற்காலியிலேயே அமர்ந்து பழகிய கால்கள் இருப்பில் மடங்க மறுத்து வலித்தன. ஊரறிந்த நாவலர் அங்கே மொழியற்றவராய், தனியராய், விரிப்பின் மீது அமர்ந்து மற்றவர்கள் தொழுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அரபு லீக்கின் முதல் பொதுச் செயலாளராக இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் அவர்களின் குடும்பத்தார் செய்தி அறிந்து ஓடி வந்தார்கள். நிறத்தால் வெள்ளையர் எனத்தக்க அந்தப் பெரியவர் தம் சொந்த அறையையே மால்கமுக்கு ஒழித்துக் கொடுத்தார். பதிலுக்கு அவர் பெறப்போவது ஒன்றுமில்லை. இளவரசர் பைஸல் அவரை அரசு விருந்தினராக ஏற்றார்.

கஅபாவைத் தவாபு செய்தார். ஸபா மர்வாவுக்கிடையே ஓடினார். அரபாத் வெளியில் நின்று அழுது இறைஞ்சினார். நீலக் கண்ணும் வெள்ளைத் தோலும் கொண்டவர்களோடு ஒரே தட்டில் உண்டார், ஒரே குவளையில் நீர் அருந்தினார், ஒரே விரிப்பில் உறங்கினார், ஒரே ஸப்பில் தோளொட்டி நின்று தொழுதார். அவர் வாழ்நாள் முழுதும் கண்ட வெள்ளையர் வேறு, இவர்கள் வேறு. தோலின் நிறத்தில் தீமை இல்லை, மனிதன் தன்னை உயர்ந்தவன் என்று கருதும் அந்த எண்ணத்திலேதான் தீமை இருக்கிறது என்று அவருக்குப் புலப்பட்டது. அரபியர் அரபியரல்லாதாரை விடவோ, வெள்ளையர் கறுப்பரை விடவோ இறையச்சத்தாலன்றி உயர்ந்தவரல்லர் என்று இறுதி ஹஜ்ஜில் அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்த உண்மை, ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் இனத்தில் வந்த ஒருவரின் நெஞ்சில் அந்த மண்ணிலேயே இறங்கியது.

உடனே எழுதினார். மனைவிக்கும் நண்பர்களுக்கும் பத்திரிகைகளுக்கும், இதுவரை தாம் கூறியதில் தவறு இருந்தது என்பதை எழுதினார். வாசகர்களே, சொன்னதைத் திருத்திக்கொள்வது எளிதா? வீட்டில் மனைவி மக்களிடம் கூட, நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்ள நமக்கு நா எழுவதில்லை. இலட்சக்கணக்கானோர் கைதட்டிய பேச்சை, அந்தக் கைதட்டலே தம் பிழைப்பாக இருந்த நிலையில், உலகறிய மறுத்துரைத்தார் அந்த மனிதர். முன்பு அழவைத்து அனுப்பிய மாணவியை எண்ணிப் பின்னாளில் மனம் நொந்தார். அவர் பெயரோ முகவரியோ தெரிந்தால் எழுதியிருப்பேனே என்று ஏங்கினார்.

அநீதியின் மீது அவர் கொண்ட கோபம் மட்டும் தணியவில்லை என்பதையும் அறிய வேண்டும். அமெரிக்கா மாறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. மனிதன் மாற முடியும் என்றே சொன்னார்.

கடைசிப் பத்து மாதங்கள்

ஹஜ்ஜுக்குப் பின் நைஜீரியா, கானா முதலிய நாடுகளுக்குச் சென்றார். கானாவில் முஹம்மது அலியைத் தற்செயலாகச் சந்தித்தார். அலி முகம் கொடுத்துப் பேசவில்லை. தாயகம் திரும்பி, 1964 ஜூன் மாதம் ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் உச்சி மாநாட்டுக்குச் சென்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரை ஐ.நா. சபையில் எழுப்புமாறு வேண்டினார். இது ஒரு நாட்டின் குடியுரிமைப் பிரச்சினையன்று, உலகின் மனித உரிமைப் பிரச்சினை என்பது அவர் வாதம். வல்லரசைப் பகைத்துக்கொள்ளப் பல நாடுகள் தயங்கின. ஆயினும் அந்தக் குரல் உலக அரங்கில் ஒலித்துவிட்டது.

கிங்கின் மீதிருந்த கசப்பும் கரைந்தது. இருவரும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை, 1964 மார்ச் 26-இல், சில நிமிடங்களே. 1965 பிப்ரவரியில் கிங் செல்மா நகரில் வாக்குரிமைக்காகச் சிறை சென்றபோது மால்கம் அங்கே போனார். உங்கள் கணவரின் பணிக்கு இடையூறு செய்ய நான் வரவில்லை, உதவவே வந்தேன் என்ற கருத்தைத் திருமதி கிங்கிடம் தெரிவித்துச் சென்றார்.

பழைய இயக்கத்தவரின் மிரட்டல் நாள்தோறும் வந்தது. 1965 பிப்ரவரி 14-ஆம் நாள் விடியுமுன் அவர் வீட்டின் மீது எரிகுண்டுகள் வீசப்பட்டன. மனைவியையும் உறக்கத்திலிருந்த பெண் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். எரிந்த வீட்டில் தொடங்கிய வாழ்க்கை எரிந்த வீட்டிலேயே முடிவை நெருங்கியது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் ஆடுபான் மண்டபத்தில் கூடியிருந்தோருக்கு ஸலாம் கூறிப் பேசத் தொடங்கிய சில நொடிகளில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கருவுற்றிருந்த மனைவியும் குழந்தைகளும் அங்கே இருந்தனர். வயது 39 தான். கடைசி இரட்டைப் பெண் குழந்தைகள் தந்தை முகம் காணாமல் பிறந்தனர்.

சூடான் நாட்டு ஆலிம் ஷெய்கு அஹ்மது ஹஸ்ஸூன் அவர்கள் மார்க்க முறைப்படிக் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். அரபாத்தில் உடுத்திய வெண்மையே இறுதி உடையாயிற்று. அடக்கத்தின்போது மண்வெட்டியோடு நின்ற வெள்ளையினக் கூலியாட்களிடம் விடாமல், அவருடைய தோழர்களே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள்.

மூவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் இருவர் குற்றமற்றவர்கள் என்று 2021 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் விடுவித்தது. காவல் துறை முக்கியச் சான்றுகளை மறைத்து வைத்திருந்தது அப்போது வெளியாயிற்று. இருவரில் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை. நீதி வந்தது, 55 ஆண்டுகள் பிந்தி வந்தது.

விதைத்தது வீணாகவில்லை

அவர் இறந்த ஆறு மாதத்தில், 1965 ஆகஸ்டில், வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1968 ஏப்ரலில் கிங்கும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கும் வயது 39. மால்கமின் பேச்சால் ஊக்கம் பெற்ற இளைஞர்கள் 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினர். அந்தப் பெயரைக் கேட்டு 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினர். தமிழகத்தில் சிறுத்தை என்ற பெயர் அரசியலில் வழங்கலானது அந்த வழியில்தான்.

1975-இல் எலைஜா முஹம்மத் இறந்தார். அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மத், தந்தையின் தவறான கொள்கைகளை நீக்கிப் பெரும்பாலோரை மால்கம் கண்ட அதே தூய இஸ்லாத்துக்கு அழைத்து வந்தார். முஹம்மது அலியும் அந்த வழியில் வந்தார். 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மால்கமைப் புறக்கணித்தது தம் வாழ்வின் பெரும் பிழைகளுள் ஒன்று என்று அலி பிற்காலத்தில் எழுதி வருந்தினார்.

மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்துக்கு அருகே இறால் மிகுந்த நீர்ப்பரப்பை மீனவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. வலியவன் எளியவன் என்று பாராமல், சீட்டுப் போட்டு, இன்று உனக்கு, நாளை எனக்கு என்று வலை விரிக்கும் இடத்தை மாற்றி மாற்றிக் கொள்வார்கள். உரிமை பெற்றவர்களுக்குள்ளே எத்துணை நேர்மையான சமத்துவம்! ஆனால் அந்த உரிமை குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தவருக்கே உரியது. வெளியே நிற்பவர் ஓரத்து நீரில் கையால் தடவி இறால் பொறுக்க வேண்டியதுதான்.

இதை அவர்களைக் குறை கூறச் சொல்லவில்லை. நம்மைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளவே சொல்கிறேன். நாமும் ஸப்பில் சமமாக நிற்கிறோம். படகுக்காரரும் கூலிக்காரரும் தோளோடு தோள் உரசுகிறோம். ஸலாம் கொடுத்துப் பள்ளிவாசல் படியிறங்கிய பின்? பெண் கொடுக்கவும் எடுக்கவும் மரக்காயர், லெப்பை, ராவுத்தர் என்று கணக்குப் பார்ப்பதில்லையா? ஜமாஅத்தில் ஏழையின் சொல்லுக்கும் செல்வரின் சொல்லுக்கும் ஒரே எடை உண்டா? ஓலை முடையும் விதவையின் கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு அதே கையால் ஸதகா கொடுப்பதில்லையா? நம் தெருவுக்கு அப்பால் ஒடுக்கப்பட்டுக் கிடக்கும் அண்டை வீட்டாரை நாம் எந்தத் திண்ணையில் உட்கார வைக்கிறோம்?

மக்காவில் மால்கம் கண்ட சமத்துவம் அங்கே எழுதி மாட்டப்பட்டிருந்த வாசகமன்று. ஒருவர் தம் அறையை ஒழித்துக் கொடுத்தார், இன்னொருவர் தம் தட்டை நகர்த்தி இடம் தந்தார். அதைக் கண்டுதான் ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்த நெடுங்கால வெறுப்பு உடைந்தது. அத்தகைய ஒரு தட்டு நம் வீட்டிலும் இருக்கிறது. அதைச் சற்று நகர்த்திப் பிறருக்கும் இடம் தர முடியும்.

பிழையை உணரும் நெஞ்சையும், உணர்ந்ததை ஒப்புக்கொள்ளும் துணிவையும், ஒப்புக்கொண்டபடி வாழும் உறுதியையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.